ஒரே டோக்கனில் இரண்டு கருப்பன்

பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பெயரை நீக்க வேண்டுமானால், பெயருக்கு உரியவருக்கு எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். காரணத்தை ஓரத்தில் எழுதி, பொறுப்பான அலுவலர் தேதியுடன் கையொப்பமிட வேண்டும். அடித்த கோட்டுக்கு அடியில் பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது இதன் உட்பிரிவு. நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த அலுவலகத்தின் கையேட்டில், மனிதர்களை மனதில் வைத்து எழுதியது என்று நான் நம்பிய விதி இது ஒன்றுதான். மற்றவை அலமாரிகளை மனதில் வைத்து எழுதியவை. அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

இந்த விதி பொருந்தியிருக்க வேண்டிய ஒரு நாளில் பொருந்தாமல் போனது. அன்று நாற்பத்தொரு பெயர்களை ஒரே ஒரு வரி கணினி நிரல் நீக்கியது. கோடும் இல்லை, கோட்டுக்கு அடியில் எழுத்தும் இல்லை. அந்த வரியை எழுதியவரை நாங்கள் எல்லோரும் புரோகிராமர் என்றுதான் கூப்பிட்டோம். ஐம்பதை நெருங்கியவர், சௌராஷ்டிரக் குடும்பம். ஒப்பந்த வேலை. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். நடுவில் விழும் ஒரு வாரம் அவர் அங்கே வேலையில் இல்லை என்று நாங்கள் எல்லோரும் நடிப்போம். அவர் வழக்கம்போல ஒன்பதே முக்காலுக்கு வந்து, இல்லாத வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மதியம் மனைவியிடம் தொலைபேசியில் தங்கள் வீட்டு மொழியில் உரக்கப் பேசுவார். "என்னண்ணே, செம திட்டு போல?" என்று கவுன்ட்டர் எழுத்தர் கேட்டால், "திட்டு இல்ல மாப்ள, கொத்தமல்லி வாங்கிட்டு வரச் சொல்றா. வெளிய இருந்து கேட்டா எல்லாம் திட்டு மாதிரிதான் இருக்கும்" என்பார்.

நான் அப்போது அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். முதுகுக்குப் பின்னால் எனக்குக் 'கையேடு' என்று பெயர். எங்களிடம் இருந்தது, விவசாயக் கிணறுகளில் பம்புசெட் வைக்க மின் இணைப்பு கேட்டு விண்ணப்பித்தவர்களின் மூப்புப் பட்டியல். முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில் இணைப்பு. வரிசை நீளம்; விண்ணப்பத்தோடு பிறந்த பிள்ளைக்கு மீசை முளைத்தபின்தான் முறை வரும் என்று கவுன்ட்டரில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவர்கள். வெளியே நிற்பவருக்கு அந்த வரிசையில் தன் இடம் எங்கே என்பது ஒன்றே சொத்து.

பழைய பதிவேடுகளிலிருந்து தட்டச்சு செய்த இந்தப் பட்டியலைப் புரோகிராமர் கணினியில் ஹேஷ் என்ற அமைப்பில் வைத்திருந்தார். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சாவி, ஒரு மதிப்பு. எதைச் சொல்லிக் கேட்கிறோமோ அது சாவி. கேட்டால் எது கிடைக்கிறதோ அது மதிப்பு. விண்ணப்ப எண்ணைச் சாவியாக வைக்கத்தான் அவர் ஆசைப்பட்டார். ஆனால் எங்கள் எண்கள் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும், ஒவ்வொரு வருடமும், ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். பிரிவு, வருடம், எண் மூன்றையும் சேர்த்து வைக்கலாம் என்றார். எங்கள் அதிகாரி, "நம்பர் சீட்டை எவன் சார் பத்திரமா வெச்சிருக்கான்? பேரைச் சொல்லித்தான் கேக்குறாங்க. பேரையே வைங்க" என்றார். எனவே பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றும் சேர்ந்து சாவி ஆனது. விண்ணப்பித்த தேதி, கிணற்றின் சர்வே எண், வரிசை ஆகியவை மதிப்பு.

பெயரைச் சாவியாக வைத்தால் வரும் தொல்லைகள் வந்தன. ஒருவரே ஓரிடத்தில் 'திரு' சேர்த்தும், இன்னோரிடத்தில் 'அவர்கள்' சேர்த்தும், வேறோரிடத்தில் நடுவே வெற்றிடம் விட்டும் ஏறியிருந்தார். சாவிகளை ஒரே சீராக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எந்தெந்தச் சொற்களை வெட்டுவது என்ற பட்டியலை நான் தயாரித்தேன். திரு, திருமதி, செல்வி, ஐயா, அவர்கள் என்று ஒழுங்காகத்தான் தொடங்கியது. கடைசியில் 'பெரிய', 'சின்ன' என்ற இரண்டையும் சேர்த்தேன். தெருவில் இரண்டு ராமசாமி இருந்தால் ஒருவரைப் பெரிய ராமசாமி என்பார்கள். அது பட்டப்பெயர், பதிவேட்டில் அதற்கு என்ன வேலை என்பது என் எண்ணம். நான் தல்லாகுளத்தில் பிறந்து வளர்ந்தவள். கொட்டாம்பட்டிப் பக்கத்தை அதுவரை பேருந்து ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவள். அங்கே குலசாமி பெயரை வீட்டில் பிறக்கிற எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் வைப்பார்கள், முன்னால் உள்ள பெரியதும் சின்னதும்தான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அப்பா பெயரும் ஊரும் சேர்ந்திருப்பதால் குழப்பம் வராது என்றும் குறிப்பில் எழுதினேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்பாவும் ஒருவர்தான், ஊரும் ஒன்றுதான் என்பது தோன்றவில்லை. கீழே சுருக்கொப்பமிட்டேன்.

புரோகிராமர் ஒரு வரி எழுதினார். ஒவ்வொரு சாவியாக எடு, இந்தச் சொற்களை வெட்டு, மதிப்பைப் புதுச் சாவியின் கீழ் வை. மதிப்புகளுக்கும் ஒரு வரி எழுதினார். தாறுமாறாக இருந்த தேதிகள் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்தன. இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தன. பத்துப் பெயர்களைக் கேட்டுப் பார்த்தோம், பத்தும் சரியாக வந்தன. சரிபார்த்தபின் பழைய கோப்பை அழித்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதையும் நானே எடுத்துக் காட்டினேன். அழித்தார்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் பெரியகருப்பன் வந்தார். கொட்டாம்பட்டிக்கு உள்ளே இரண்டு மைல் தள்ளி அவருடைய கிணறு. பதினெட்டு வருடமாக வரிசையில் இருப்பவர். டீசல் இன்ஜினை வைத்து இறைத்து இறைத்து அந்தச் சத்தத்தில் காது மந்தமாகி, எல்லாவற்றையும் உரக்கத்தான் பேசுவார்.

"பெரியகருப்பன், தகப்பனார் வெள்ளையன். இந்த வருசம் நம்ம மொறை வந்துரும்னாக. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

எழுத்தர் தட்டிப் பார்த்தார். "கருப்பன்னு ஒண்ணு இருக்குண்ணே. ஆனா அது ரொம்பப் பின்னாடி கெடக்கு."

"அது என் தம்பிய்யா. சின்னகருப்பன். எனக்கு எட்டு வருசம் கழிச்சுப் போட்டவன்."

"அப்ப உங்க பேரு இல்லண்ணே."

"இல்லையா? எங்கிட்டுப் போச்சு? நான் இந்தா நிக்கிறேன்ல?"

நான் எழுந்து போனேன். அதற்குள் அவர் முகம் மாறியிருந்தது. "போன மாசம் அவன் இங்கிட்டு வந்துட்டுப் போனான்மா. எதுக்குடான்னு கேட்டேன், சும்மாதான்னான். அவந்தான் எம்பேரை அடிச்சுப்புட்டானா?"

"அப்படியெல்லாம் யாரும் வந்து அடிக்க முடியாது. அதற்கு விதி இருக்கிறது" என்றேன், அலுவலகத் தமிழில்.

"விதி இருந்தா பேரு இருக்கணும்லம்மா" என்றார்.

முப்பத்தோரு வருடத்தில் கையேட்டுக்கு இதைவிடத் தெளிவான உரையை நான் கேட்டதில்லை. ஆவண அறைக்குப் போய்ப் பழைய பதிவேட்டை எடுத்து வந்தேன். நீல மையில், அடிக்கப்படாமல், அவர் பெயர் இருந்தது. அடுத்த பதிவேட்டில் தம்பியின் பெயரும் இருந்தது. இரண்டையும் புரோகிராமரின் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தேன். அவர் இரண்டு பெயர்களையும் வாய்விட்டு வாசித்தார். பிறகு, நான் கொடுத்த வெட்டுச்சொல் பட்டியலைக் கேட்டார். அதன் கடைசி இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"மேடம், திருப்பரங்குன்றத்துல செருப்பு விடுறோம்ல. ஏ பன்னெண்டுன்னு ஒரு டோக்கன், பி பன்னெண்டுன்னு ஒரு டோக்கன். எழுத்து எதுக்கு, வெறும் நம்பர் போதும்னு ஒருத்தர் அழிச்சுட்டாருன்னு வைங்க. இப்ப ரெண்டுமே பன்னெண்டு. ஆனா பொந்து ஒண்ணுதான். ரெண்டாவது செருப்பை உள்ள தள்ளுனா மொத செருப்பு பின்பக்கமா விழுந்துரும். சத்தமே கேக்காது. கடைக்காரன் ஏன்னும் கேக்க மாட்டான்."

"தேதியையும் மாற்றினோமே, அதனால் ஏதாவது?"

"அது செருப்பைத் தொடச்சு வைக்கிற மாதிரி. பொந்துக்குள்ள இருக்கறத என்ன வேணா செய்யலாம், ஒருத்தருக்கும் சேதமில்ல. டோக்கன்ல கை வெச்சாத்தான் ஆபத்து."

அவமானம் எனக்குக் கோபமாகத்தான் வரும். இது ஏன் எழுதும்போதே தெரியவில்லை என்று கேட்டேன். அவர் தட்டிக் கழிக்கவில்லை. "முன்னாடி எத்தனை சாவி, பின்னாடி எத்தனை சாவின்னு எண்ணிருக்கணும். ரெண்டே நம்பர். வழக்கமா எண்ணுவேன், அன்னைக்கு எண்ணல. தப்பு என்னோடது மேடம்." பட்டியலில் உள்ள சுருக்கொப்பம் என்னுடையது என்றேன். "நீங்க ஆயிரம் எழுதித் தருவீங்க, ஓடவிட்டது நான்" என்றார். ஒரு தவறுக்காக அரசாங்க மேஜையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து இருவர் சண்டை போட்டு, இருவருமே அது தனக்குத்தான் வேண்டும் என்று கேட்டதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அதிகாரியிடம் போனோம். அவர் கெட்டவர் அல்ல. சிக்கல் இல்லாமல் மாற்றலாகிப் போக விரும்பியவர். "லிஸ்ட் மேல அப்ரூவ் ஆயிருச்சும்மா. இப்பப் போய்க் கலைச்சா, பின்னாடி இருக்கறவன் எல்லாம் கேஸ் போடுவான். அவரைப் புதுசா ஒரு அப்ளிகேஷன் போடச் சொல்லுங்க. நாமளே ஃபில்லப் பண்ணிக் குடுத்துருவோம்."

"பதினெட்டு வருஷம் சார்."

"இம்புட்டு நாள் இருந்துட்டாரு. இன்னும் கொஞ்ச நாள் இருக்க மாட்டாரா?"

கதவருகே நின்ற புரோகிராமர் உள்ளே வந்தார். "சார், என் புரோகிராமாலதான் இப்படி ஆச்சுன்னு நான் எழுதித் தர்றேன்."

"உங்க கான்ட்ராக்ட் எப்ப முடியுது?"

"அடுத்த மாசம் சார்."

"அப்புறம் உங்களுக்கு எதுக்கு இது?"

"அதுக்குள்ள முடிக்கணும்ல சார், அதான்" என்றார்.

எனக்கும் ஓய்வு பெற நான்கு மாதமே இருந்தது. ஆவண அறையிலிருந்து பதிவேடுகளை எடுக்க வரிசையாகக் கோரிக்கைச் சீட்டுகள் எழுதினேன். கண்காணிப்பாளர் எழுதினால் மறுக்க முடியாது. அதற்கும் விதி இருந்தது. மூன்று வாரம், மதிய இடைவேளையிலும், மாலை ஆறு மணி வரையிலும், நான் வாசித்தேன், அவர் தட்டினார். இந்த முறை சாவி, அவர் முதலில் கேட்டதுதான்: பிரிவு, வருடம், எண். ஒரு பதிவை உள்ளே வைப்பதற்கு முன், அந்தச் சாவியில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று நிரல் பார்க்கும். இருந்தால் நின்றுவிடும். முதல் நாள் அடிக்கடி நின்றது. மூன்றை எட்டு என்று வாசித்த என் கண்ணாடிதான் காரணம். "ஆள் இருக்காங்க மேடம்" என்பார், பேருந்தில் இடம் பிடித்தவர் சொல்வதுபோல. நான் மறுபடி வாசிப்பேன். ஒவ்வொரு மாலையும் பதிவேட்டில் எத்தனை, கணினியில் எத்தனை என்று இரண்டு எண்களைச் சுவர்ப் பலகையில் எழுதினார். இரண்டும் ஒன்றாகாமல் அவர் ஸ்கூட்டரை எடுக்க மாட்டார். வீட்டிலிருந்து அழைப்பு வரும். கொத்தமல்லி இல்லை, நிஜமாகவே திட்டுதான் என்று அந்த நாட்களில் எனக்கே புரிய ஆரம்பித்தது.

முழுப் பட்டியலும் ஏறியபின் அவர் செய்த காரியம்தான் எனக்கு இன்றும் வியப்பு. நான் தயாரித்த அதே வெட்டுச்சொல் பட்டியலை மறுபடி எடுத்தார். அதே வரியை எழுதினார். ஆனால் இந்த முறை ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்காமல், வருகிற எல்லோரையும் அந்தச் சாவியின் கீழ் வரிசையாக நிற்கவைத்தார். யார் யார் மேல் யார் யார் விழுந்தார்கள் என்பது அப்படியே திரையில் வந்தது. பெரியாண்டியும் சின்னாண்டியும். பெரியம்மாளும் சின்னம்மாளும். முதலில் விண்ணப்பித்தவர் கீழே, பின்னால் விண்ணப்பித்தவர் மேலே. காணாமல் போனவர்கள் நாற்பத்தொருவர். பெரியகருப்பனைத் தவிர ஒருவர்கூட அதுவரை வந்து கேட்கவில்லை. முறை வரும் என்று வீட்டிலேயே காத்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பழைய பதிவேட்டின் நகல்களை எடுத்துக்கொண்டு கொட்டாம்பட்டிக்குப் பேருந்து ஏறினோம். பெரியகருப்பன் தம்பியோடு பேச்சை நிறுத்தியிருந்தார். இரண்டு வீட்டுப் பெண்களும் குழாயடிக்கு வேறுவேறு நேரத்தில் போனார்கள். தம்பி எங்களை வரப்பிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார். புரோகிராமர் டோக்கன் கதையைச் சொன்னார், தாளில் படம் போட்டுக் காட்டினார். சின்னகருப்பனுக்கு விளங்கியது. ஆனால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீங்க சொல்றீக, நம்புறேன். எங்கண்ணன் ஊருக்கு முன்னால என்னையத் திருடன்னாரு. நான் அன்னைக்கு ஆபீசுக்கு வந்தது எம்பேரு இருக்கான்னு பாக்கத்தான். இது உங்க பேப்பரு. ஆபீசு பேப்பர் ஒண்ணு வரட்டும். அதுவரைக்கும் நான் அந்த வாசல மிதிக்க மாட்டேன்."

"அதுல என்ன வேணும்?" என்று புரோகிராமர் கேட்டார்.

"அவரு பேரு அவருக்கு, எம்பேரு எனக்கு. வேறென்ன?"

திரும்பும்போது பேருந்தில் நான் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். மேலூர் வருவதற்குள் முதல் பத்தி முடிந்தது. மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தில் தவறு எப்போதும் 'ஏற்பட்டுவிட்டது' என்றுதான் இருக்கும். யாரும் செய்வதில்லை, மழைபோல அதுவாகவே ஏற்படும். அப்படித்தான் என் கையும் எழுதியது. அடித்துவிட்டு, 'மேற்படி இரு சொற்களையும் சேர்த்தது நான்' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, "அடுத்த வரியில எண்ணாம விட்டது நான்னு போடுங்க" என்றார். போட்டேன். அதிகாரி அதை மேலே அனுப்ப மறுத்தார். அவர் மறுத்தால், அவரைத் தாண்டி மேலிடத்துக்கே முன்நகலாக நேரடியாக அனுப்பலாம்; விதி எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பினேன்.

புரோகிராமரின் ஒப்பந்தம் முடிந்தது, இந்த முறை புதுப்பிக்கவில்லை. நடிக்க வேண்டிய வாரம் வராமலே போனது. மூன்று மாதம் கழித்து எனக்கும் மாலை போட்டு அனுப்பினார்கள். பேசியவர்கள் எல்லோரும் என் விதியறிவைப் புகழ்ந்தார்கள். என் கடிதத்துக்கு ஒப்புகை அட்டைகூட வரவில்லை.

ஓய்வு பெற்றவருக்கு அலுவலகக் கோப்பில் எந்த உரிமையும் இல்லை. உரிமை உள்ளவர் பெரியகருப்பன். அவர் பெயரில் மனு எழுதினேன், கைநாட்டு வேண்டாம் கையெழுத்தே போடுவேன் என்று அவர் அரை மணி நேரம் போட்டார். முப்பது நாளில் ஒரு நினைவூட்டு. அறுபதில் இன்னொன்று. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று ஒரு கேள்வி. அது மேஜை மாறியது. மாறியதைக் கேட்டு இன்னொரு கேள்வி. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அடுத்து என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும், அவருக்குப் பயிற்சி கொடுத்ததே நான்தான். புரோகிராமர் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதும் இடத்தில் சேர்ந்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலையில் தல்லாகுளத்துக்கு வருவார். கடிதத்தோடு வைக்கும் பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பார். நான் ஒவ்வொரு கடிதத்திலும் நாற்பத்தொரு பெயரும் இருக்க வேண்டும் என்றேன். பெரியகருப்பனுடையதை மட்டும் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். புரோகிராமர், "ஒரு ஆளை மட்டும் தூக்கி உள்ள வெச்சா, அதுக்குப் பேரு சலுகை மேடம். நாம கேக்கறது வரிசை" என்றார். பதினான்கு மாதத்தில் பதினேழு கடிதம் போனது.

ஒரு காலையில் பெரியகருப்பன் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்குத் தொலைபேசி தேவையில்லை. கொட்டாம்பட்டியிலிருந்து நேராகவே கேட்கும்.

"யம்மா! பேப்பர் வந்துருச்சு! எனக்கு முன்னால ஏழே பேருதான்!"

"பெயர் எப்படிப் போட்டிருக்கிறது? முழுதாக வாசியுங்கள்."

"உள்ள பெரியகருப்பன்னு முழுசாத்தான் இருக்கு. கவர் மேலதான் வெறும் கருப்பன்னு போட்டுருக்கான். அது நேரா இவன் வீட்டுக்குப் போயிருச்சு. பிரிச்சுப் பாத்துட்டு இவந்தான் கொண்டாந்தான்."

பின்னால் இன்னொரு குரல் கேட்டது. "ஊருக்கு முன்னால திருடன்னீகள்ல, அதையும் அந்தம்மாகிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன்டா, இரு. மொதல்ல உள்ள வந்து உக்காரு."

பணியில் இருந்தபோது நான் எழுதிய கடிதத்துக்காக எனக்கு வர வேண்டிய நகலும் அன்று மதியமே தபாலில் வந்தது. திருத்தப்பட்ட மூப்புப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது என்றும், இனிவரும் காலங்களில் தாங்கள் பணியில் கூடுதல் கவனத்துடன் இருக்க அறிவுறுத்தப்படுகிறீர்கள் என்றும் அதில் இருந்தது. ஓய்வு பெற்றவளுக்கு இனிவரும் பணி எது என்று கேட்டு எழுதலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். விட்டுவிட்டுப் புரோகிராமரைக் கூப்பிட்டேன். கடைக்குள் இருந்தார், பின்னால் பில் இயந்திரம் ஓடும் சத்தம். வந்துவிட்டது என்றேன். சந்தோஷம் என்றுகூடச் சொல்லவில்லை.

"எண்ணுனீங்களா மேடம்?"

அவரை இணைப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, இணைப்புத் தாளைப் பிரித்து, பட்டியலில் மறுபடி ஏறிய பெயர்களை விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினேன். பிறகு உறையின் மேல், கிடைத்த தேதியைக் குறித்தேன்: டிசம்பர் இருபத்து நான்கு, புதன்கிழமை.